பேருந்தில் போன நாற்காலி

கூட்டத்திற்கு நாற்காலியைத் தலையில் சுமந்து சென்ற ஒரு தாயின் மகள் நான். அதைச் சொல்ல அன்று வெட்கப்பட்டேன், இன்று வெட்கமில்லை. சிறிய பள்ளிகளின் பெற்றோருக்குத் தனிக் குரல் எதற்கு என்று வாட்ஸ்அப் புலனக் குழுக்களில் எழுதுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் ஒன்பது தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கம். ஒன்பதும் இணைந்து ஒரு வட்டாரப் பேரவை. பிள்ளை படிக்கும்வரைதான் பெற்றோருக்கு உறுப்பியம். பள்ளிக்கு ஒரு பிரதிநிதி, ஒரு வாக்கு. ஒரு பள்ளியின் கூரை பறந்தால் மற்ற எட்டும் ஆளனுப்பும். ஓரிடத்தில் ஆசிரியர் இல்லையென்றால் ஒன்பது சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திடும். பேரவை கூடுவது கிள்ளான் பட்டணத்துப் பள்ளியில். அங்கிருந்தவை பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலிகள் ஆதலால், பிரதிநிதிகள் தத்தம் நாற்காலியைக் கொண்டு வருவது வழக்கமாயிற்று. மற்றவர்களுடையவை காரிலும் லோரியிலும் வந்தன. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் என் அம்மாவினுடையது பேருந்தில் வந்தது.

எங்கள் தோட்டப் பள்ளியில் பதினான்கு பிள்ளைகள். நான் அங்கே கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டு, வீட்டில் கடைக்குட்டி. முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கு வாக்கு இல்லை என்று அவ்வாண்டின் கடைசிக் கூட்டத்தில் தீர்மானம் வரப்போவதாகச் செய்தி வந்தது. முப்பதுக்குக் குறைந்தது எங்கள் பள்ளி ஒன்றுதான். அதை மூடிவிடும் பேச்சு ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்தது. வாக்கையும் இழந்தால் எங்களுக்காகப் பேரவையில் பேச ஒருவரும் இருக்கமாட்டார்.

கூட்டத்தன்று அம்மாவும் நானும் நாற்காலியோடு பேருந்தில் ஏறியதும் நடத்துநர் சிரித்தார்.

“என்னக்கா, சீட்டு கெடைக்காதுன்னு வீட்லேருந்தே தூக்கிட்டு வந்துட்டீங்களா?”

“ஒன் பஸ்ஸுல கெடைச்சிரும் தம்பி. போற எடத்துலதான் கெடைக்குமான்னு தெரியல.”

எல்லாரும் சிரித்தனர். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

பள்ளி மண்டபத்தில் எட்டு நாற்காலிகள் முன்வரிசையில் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. ஒன்பதாவதற்கு இடைவெளியே இல்லை. பேரவைத் தலைவர் அந்தப் பட்டணத்துப் பள்ளியின் பிரதிநிதி, லோரிகள் வைத்திருந்தவர்.

“அக்கா, நீங்க பின்னால சன்னலோரமா ஒக்காருங்க. எங்க நானூறு புள்ளைங்களுக்கும் ஒரு ஓட்டு, ஒங்க பதினாலுக்கும் ஒரு ஓட்டா? ஞாயமா இல்லை லா.”

அம்மா நாற்காலியைத் தலையிலிருந்து இறக்கினார். தலைவரின் நாற்காலியை ஒட்டி அதைப் போட்டார். தலைவர் தம்முடையதைச் சற்று நகர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

“தீர்மானம் இன்னும் போடலதானே அண்ணே? அதுவரைக்கும் இது எங்க எடம்.”

அமர்ந்துகொண்டுதான் மேலே பேசினார்.

“போன வருசம் இந்தப் பள்ளி வெள்ளத்துல முங்கிக் கெடந்துச்சு. மொதல்ல வந்து சேறு அள்ளுனது யாரு? எங்க பதினாலு புள்ளைங்களோட அப்பா அம்மா அத்தனை பேரும். ஒங்க நானூறுல எத்தனை பேரு வந்தாங்க? நீங்களே சொல்லுங்க.”

“அன்னைக்கு அவங்களுக்கெல்லாம் காய்ச்சல் லா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. தலைவர் மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

தீர்மானத்திற்கு ஆதரவாக நான்கு கைகள் உயர்ந்தன, எதிராக ஐந்து. ஐந்தாவது கை அம்மாவுடையது. முன்வரிசைக் கைகளை மட்டுமே எண்ணினார்கள்; அவர் சன்னலோரம் போயிருந்தால் அந்தக் கை கணக்கில் சேர்ந்திராது.

கூட்டம் கலைந்ததும் அம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்தார். ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து அதன் முதுகில் எங்கள் பள்ளியின் பெயரை எழுதினார். சுவரோரம் அதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

“அம்மா, நாற்காலிய மறந்துட்டு வந்துட்டீங்க!”

“மறக்கல.”

எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே நாற்காலி. அன்று அப்பா ரப்பர்ப்பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்து சாப்பிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கோ ஆத்திரம். வெற்றி பெற்றுவிட்ட செருக்கில் அம்மாவுக்குச் சுமக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பல நாள் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

சில வாரங்களில் என் ஆறாம் ஆண்டு முடிந்தது. அத்துடன் அம்மாவின் உறுப்பியமும் முடிந்தது. இனி ஒருபோதும் தாம் அமரப்போவதில்லை என்று தெரிந்தே அந்த இடத்திற்காக அவர் போராடியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

மறு ஆண்டு எங்கள் பள்ளிக்கு வேறொரு தாய் பிரதிநிதியானார். முதல் கூட்டத்திற்கு அவர் பேருந்தில் கைகளை வீசிக்கொண்டு போனார்.