தாலாட்டு என்று எழுதியிருந்த கேசட்டுகள்

எஸ்தர் அக்கா போய்விட்ட செய்தி ஒரு மதியம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். ஒரு மனுவைப் பாதி அடித்திருந்தபோது ஆபீஸ் போனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சுந்தரி டீச்சர்தான். "டூட்டி முடிஞ்சு வந்த அசதியில தூங்குதான்னு நெனச்சேன் தம்பி. காப்பிய ஆற வச்சுக்கிட்டே இருந்தேன்," என்றார். மனுவை மெஷினிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். மலையின் பாதிவரைக்கும் மேகம் இறங்கியிருந்தது. பஸ் நின்றுகொண்டிருப்பதுபோலவும் மலைதான் மெல்ல நகர்ந்து பின்னால் போவதுபோலவும் இருந்தது.

இதைப் படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அக்காவை அறிந்தவர்கள்தான். ஆனால் உங்களில் பலருக்கு ஒருவரையொருவர் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். மற்றவர்கள் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். அக்காவின் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் திட்டுவார்.

அக்கா ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுந்தரி டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருவரும் பஞ்சாலைக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்ந்தார்கள். கல்யாணம் ஆகாத இரண்டு உத்தியோகக்காரிகள் வாடகையைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று தெரு நினைத்துக்கொண்டது. பெண்ணை விரும்பிய பெண்களும் ஆணை விரும்பிய ஆண்களும் எல்லா ஊரிலும் போல எங்கள் ஊர்களிலும் இருந்தோம். பஞ்சாலையில் இருந்தோம், பால்கோவா அடுப்படியில் இருந்தோம், போலீஸில்கூட இருந்தோம். எங்களுக்கு அப்போது ஒரு பெயர் கிடையாது. பேப்பரில் எப்போதாவது வருகிற சொல்லைப் படித்தால் நான் தினமும் டைப் அடிக்கிற குற்றப்பத்திரிகையைப் படிப்பதுபோல இருக்கும். 'நம்மாளு' என்று மட்டும் சொல்லிக்கொள்வோம். அந்த நம்மாட்களின் கதைகளை அவரவர் குரலிலேயே கேசட்டில் பதிந்து, பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றி வைத்தவர் எஸ்தர் அக்கா.

அது பேச்சியம்மாவிடம் தொடங்கியது. பேச்சியம்மா பஞ்சாலையில் வேலை செய்தவர். பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஊசி போடப் போன அக்காவிடம் மாரி என்ற தன் தோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இருவரும் ஒரே ஷிப்ட், ஒரே அறை, ஒரே பாய். மாரி செத்ததும் அவள் சொந்தக்காரர்கள் சேத்தூரிலிருந்து வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சியம்மாவை யாரும் வா என்று சொல்லவில்லை. "எனக்கும் அவளுக்கும் நடந்ததுக்கு நான் ஒருத்திதான் சாட்சி சிஸ்டர். நானும் போயிட்டா நடக்கவே இல்லன்னு ஆயிரும்லா," என்றாராம்.

அந்தப் பேச்சு அக்காவைத் தூங்கவிடவில்லை. பட்டாளத்தில் இருந்த அவர் தம்பி கேண்டீனிலிருந்து வாங்கிவந்த டேப் ரெக்கார்டர் ஒன்று வீட்டில் இருந்தது. பேச்சியம்மா தேறி வெளியே வந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டு, சோறு போட்டு, அதன் முன்னால் உட்கார வைத்தார். பேச்சியம்மா பேசிய நாள் முழுவதும் ஆலையிலிருந்து வந்த பஞ்சு இழைகள் ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருந்தன என்று டீச்சர் சொல்வார். அதற்குப் பிறகு ஒருவர் மற்றொருவரைக் கூட்டிவந்தார். வர முடியாதவர்களைத் தேடி, விடுமுறை நாட்களில் அக்காவும் நானும் பஸ் ஏறினோம். வத்திராயிருப்பில் ஒரு மாந்தோப்பு, சேத்தூரில் ஒரு சைக்கிள் கடையின் பின்கட்டு. இப்படி எங்கெங்கோ அந்தப் பெட்டியை இறக்கி வைத்திருக்கிறோம். ஒருமுறை நான், இதெல்லாம் எதற்கு, யார் கேட்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "ஊருக்கு இது ரகசியம். நமக்கு இது சரித்திரம். ரெண்டையும் ஒரே பெட்டியிலதான் வைக்க முடியும், என்ன செய்ய?" என்றார்.

கேசட்டுகளின் மேல் 'தாலாட்டு' என்று எழுதி வைத்தார். பிள்ளை இல்லாத வீட்டில் தாலாட்டை யார் எடுத்துக் கேட்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு ஒருமுறை தப்பியது. பக்கத்து வீட்டு ராஜம்மா தெலுங்கு பேசுகிற குடும்பத்துப் பெண். பால் வாங்கி வைப்பதற்காக வீட்டுச் சாவி அவரிடம் இருக்கும். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் தூங்காமல் அழுகிறான் என்று தாலாட்டுக் கேசட் ஒன்றை எடுத்துப் போய்விட்டார். அது பேச்சியம்மா பேசியது.

வேலை முடிந்து வந்த அக்கா வரிசையில் ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். டீச்சருக்கு வேலை போகும், வீடு போகும், அதற்கும் மேலே பேச்சியம்மாவை ஆலையில் என்ன செய்வார்கள் என்று தெரியாது. அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. ராஜம்மா வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கவும் முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் ராஜம்மாவே பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கேசட்டை நீட்டினார். பாட்டே இல்லை, ஒரு பொம்பளை பேசிக்கொண்டே இருக்கிறாள், ஆனாலும் பிள்ளை நன்றாகத் தூங்கிவிட்டான் என்றார். அக்கா கேசட்டை வாங்கிக்கொண்டார். ராஜம்மா போகத் திரும்பியவர் நின்று, "அந்தப் பொம்பள சேத்தூருக்குப் போயி வாசல்ல நின்னேன்னு சொல்லுதா. அதோட முடிஞ்சிருச்சு. பொறவு உள்ள விட்டாகளா?" என்று கேட்டார்.

"விட்டாக. சோறும் போட்டாக," என்றார் அக்கா.

"மஞ்சிதி," என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ராஜம்மா போய்விட்டார். நல்லது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பக்கத்து வீட்டில் இருந்தார். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பால் மட்டும் ஒருநாளும் தவறாமல் வாங்கி வைத்தார்.

நாள்பட்ட கேசட்டைத் திரும்ப ஒரு புதுக் கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். அக்காவின் டேப் ரெக்கார்டரையும் டீச்சருடையதையும் ஒயர் போட்டு இணைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மூவரும் கேட்டுக்கொண்டிருப்போம். டீச்சர் விடைத்தாள் திருத்துவார். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். யார் யாரோ தங்கள் முதல் சந்திப்பைச் சொல்வார்கள்: ஆண்டாள் கோயில் தேரோட்டத்தில் ஒரே வடத்தைப் பிடித்தவர்கள், மதுரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கும்போது பெயர் கேட்டுக்கொண்டவர்கள். முகம் தெரியாத அந்தக் குரல்கள் எனக்குச் சொந்தக்காரர்கள்போல ஆகிவிட்டன.

ஒரு ஐப்பசியில் தங்கவேல் வந்தார். அவர் போலீஸ்காரர். பால்கோவா போடுகிற முருகையாவும் அவரும் ஒருவரையொருவர் நேசித்தார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கேசட் முழுக்கப் பேசியிருந்தார்கள், முருகையா கேட்க, தங்கவேல் பதில் சொல்ல. இப்போது தங்கவேலுக்கு வீட்டில் பெண் பார்த்து நாள் குறித்துவிட்டார்கள். அந்தக் கேசட்டை எரித்துவிட வேண்டும் என்று கேட்டார். உத்தரவு போடுகிற குரலில்தான் கேட்டார். ஆனால் கை தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தது.

"ஒங் கொரலு ஒன்னுது. நீ கேட்டா நான் அழிச்சுத்தான் ஆவணும்," என்றார் அக்கா. "முருகையா கொரலு அவனுது. அத நீ கேக்க முடியாது."

அந்த ஞாயிறு நல்ல மழை. தங்கவேல் பேசுகிற இடம் வந்ததும் அக்கா பதிவுப் பட்டனை அழுத்துவார். ஒவ்வொரு பதிலும் எவ்வளவு நேரம் என்று டீச்சர் முன்பே கடிகாரம் பார்த்துக் குறித்திருந்தார்; அந்த நேரம் முழுவதும் நாங்கள் மூச்சுக்கூடச் சத்தம் வராமல் உட்கார்ந்திருப்போம். அவர் குரல் அழிந்து, அந்த இடத்தில் எங்கள் அறையின் சத்தம் பதியும். அடுத்து முருகையாவின் கேள்வி வரும். மறுபடி மௌனம். முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டோம். முருகையா ஏதோ கேட்கிறார், மழை பெய்கிறது. முருகையா சிரிக்கிறார், மழை பெய்கிறது. ஓர் இடத்தில் தூரத்தில் பஸ் ஹாரன். அக்கா எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார்.

முருகையாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவரும் ஒருமுறை கேட்டார். "பரவால்ல சிஸ்டர். நெசத்துலயும் அவன் அம்புட்டாப் பேச மாட்டான். இதுல அவன் பக்கத்துல உக்காந்துருக்க மாதிரிதான் இருக்கு," என்றார். எழுந்து போகும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்.

வருடங்கள் போயின. முருகையா ஒரு காய்ச்சலில் இறந்தார். கடைசி நாட்களில் அக்காதான் பார்த்துக்கொண்டார். அது நடந்து சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நரைத்த மீசையோடு தங்கவேல் வாசலில் நின்றார். அதை ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். அக்கா கேசட்டைப் போட்டார்.

முருகையாவின் குரல் அறைக்குள் வந்தது. "அன்னிக்குத் தேர் பாக்க வந்தவன் எதுக்குலே என்னயப் பாக்காம ஓடுன?" என்றது. மழைச் சத்தம் தொடங்கியது. தங்கவேல் தலை குனிந்தபடி, "பயந்துதான். பாத்தா நின்னுருவேன்னு பயம்," என்று பதில் சொன்னார். எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் பதில் சொன்னார். அக்கா மெதுவாக எழுந்து இன்னொரு டேப் ரெக்கார்டரில் புதுக் கேசட்டைப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். தங்கவேல் தலையாட்டினார். அக்கா பட்டனை அழுத்தினார்.

இப்போது அவர் பதில்கள் நீண்டுகொண்டே போயின. அந்த நாளில் சொல்லாததையெல்லாம் சொன்னார். இடைவெளி போதவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முருகையா அடுத்த கேள்விக்குப் போனார். "செத்தப் பொறுலே, இன்னும் முடிக்கல," என்றார் தங்கவேல். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முருகையா தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கேசட் இப்போதும் இருக்கிறது. வெளியே வெயில் அடித்த ஒரு நாளில் பதிந்தது. உள்ளே மழை பெய்கிறது. அந்த மழைக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் சிதறிச் சிதறி நின்றது. யாரும் யாரோடும் சேர்ந்து வரவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு அம்மா தண்ணீர் கேட்டார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். தேர்வடத்தைப் பிடித்தவர். பின்னால் ஒருவர் ஜெபப் பாட்டைத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தார். அவரையும் தெரியும், மதுரை பஸ்ஸில் பெயர் கேட்டுக்கொண்டவர். அவர்கள் முகங்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டால் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். தங்கவேல் சீருடையில் வந்து, பெட்டியை இறக்கும்போது சல்யூட் அடித்தார். எதற்கு என்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் வீட்டைக் காலி செய்வது பற்றிப் பேசினார்கள். அலமாரியைத் திறந்து, இவ்வளவு தாலாட்டுக் கேசட்டா, குப்பையில் போடலாமே என்றார் ஒருவர். பட்டாளத்துத் தம்பி ஓரமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அலமாரியை மூடினார். "அது டீச்சரோடது. அக்காவோடது எல்லாமே டீச்சரோடதுதான். யாரும் தொடாண்டாம்," என்றார். டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். தம்பிக்கு எவ்வளவு தெரியும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வீடும் அலமாரியும் இன்றைக்கு டீச்சரிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். உங்கள் கதைகள் பத்திரமாக இருக்கின்றன என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்காவின் கதை மட்டும் எதிலும் இல்லை. கேட்டால், கேள்வி கேட்கிறவள் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்பார். வத்திராயிருப்பிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், வயலெல்லாம் தண்ணீராகக் கிடந்த ஒரு சாயங்காலம், கேட்காமலே எனக்கு அதைச் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். வெட்கப்பட்டார், எழுதச் சொன்னார்.

இருவரும் அறிமுகமாவதற்கு முன்பு ஒரு நாள், சுந்தரி டீச்சர் கடுமையான காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். நினைவு இல்லை. வகுப்புப் பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம், திருத்தாத விடைத்தாள் ஏதோ மனதில் கிடந்திருக்கிறது. பெயரைச் சொல்லிவிட்டு, பதில் வராவிட்டால் எழுந்திருக்கப் பார்ப்பாராம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியை நெற்றியில் வைத்தபடி ஒவ்வொரு பெயருக்கும் 'பாஸ்' என்று சொல்லத் தொடங்கினார். பாஸ் என்றதும் டீச்சர் சமாதானமாகி அடுத்த பெயருக்குப் போவார். மதியம் முழுக்க ஒரு வகுப்பே பாஸானது. கடைசியில் பெயர்கள் தீர்ந்துபோனதும் டீச்சர் தன் பெயரையே சொன்னாராம். சுந்தரி.

"நான் அப்பத்தான் அவ மொகத்த நல்லாப் பாத்தேன் தம்பி," என்றார் அக்கா. "பாஸுன்னு சொன்னேன். தூங்கிட்டா."

— ஒரு டைப்பிஸ்ட், ஸ்ரீவில்லிபுத்தூர்