பொருத்தனைப் பணத்தைத் தின்ற வங்கி

சபையில் உள்ள அன்பானவர்களே, இந்தச் சாட்சியைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கர்த்தர் என்னைப் பொறுத்துக்கொண்டார். நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நான் தாம்பரத்தில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு மறைமலை நகர் கம்பெனியில் இருந்த ஒப்பந்த வேலை மார்ச்சிலேயே போய்விட்டது. நர்சரிப் பள்ளியில் அம்மா வாங்கும் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும். என் படிப்புக்கு ஸ்காலர்ஷிப் ஒன்றுதான். அது வந்து சேரவே, கல்லூரி வாசலில் மேசை போட்டிருந்த ஒரு வங்கியில் ஜீரோ பேலன்ஸ் கணக்குத் தொடங்கியிருந்தேன். "ஒரு ரூபாகூட வைக்க வேணாம்மா" என்று சிரித்துச் சிரித்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஜூன் மாதம் ஒரு மெசேஜ் வந்தது. கணக்கில் மைனஸ் 1,416 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு அபராதமாம். அம்மா பதறிப்போனார். "கடன்காரங்கன்னு பேர் வந்தா சபையில நம்ம சாட்சி கெட்டுடும் பாப்பா" என்று சொல்லி, சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக நேர்ந்து சேர்த்துவைத்திருந்த பொருத்தனைப் பணத்தை எடுத்துப்போய்க் கட்டினார். கடவுளுக்கென்று வைத்த பணம்! அன்று இரவு ஆண்டவரிடம் மன்னிப்பு வேறு கேட்டார். தப்புச் செய்தவன் எவனோ, மன்னிப்புக் கேட்டது என் அம்மா.

அதோடு முடிந்தது என்று நம்பினோம். அக்டோபரில் ஸ்காலர்ஷிப் ஐயாயிரம் வந்தது. வந்த அன்றே 2,124 ரூபாயைக் காணோம். ஜூலையிலிருந்து மறுபடியும் மைனஸாக ஏறியிருந்த அபராதமாம். பரீட்சைக் கட்டணம் 4,200. கட்டக் கடைசி நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

வங்கிக்கு ஓடினேன்.

"சிஸ்டமே புடிச்சிக்கும்மா. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மேனேஜர்.

"இது ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் சார்."

"அது அப்போ. இப்போ நார்மலா மாத்தியாச்சு."

"யாரைக் கேட்டு சார் மாத்துனீங்க?"

அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் நடுவில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். "ஆண்டவரே, உமக்கு வைத்ததையே தின்றுவிட்டார்கள். உமக்குக் கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் பெயர் போடாமல் குறிப்பு எழுதிப் பெட்டியில் போடுவோம். ஜூனிலிருந்து வாராவாரம் "பணத் தேவைக்காக" என்றுதான் எழுதிவந்தேன். வெட்கம். அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாஸ்டரம்மா எடுத்துச் சத்தமாக வாசித்தார்: "அபராதம் போட்டு மைனஸ் ஆக்கி, என் ஸ்காலர்ஷிப்பை வங்கி திருடிவிட்டது. அந்த மேனேஜரைக் கர்த்தர் தண்டிக்க ஜெபியுங்கள்."

எழுதியது நான்தான் என்று அம்மாவுக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல். "மைனஸா? அபராதம் போட்டு மைனஸ் ஆக்கவே கூடாதே! யாரு எழுதுனது?" ஸ்டெல்லா அக்கா. தாம்பரத்தில் வேறொரு வங்கியில் வேலை பார்க்கிறவர். நான்கு மாதமாக எனக்கு இரண்டு வரிசை பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்!

எழுந்து நின்றேன். ஒரு அண்ணன் குறைகிற பணத்தைத் தானே தருவதாகச் சொன்னார். "வேணாம்ணா. அவ பணம் அவளுக்கு வரட்டும்" என்றார் அக்கா. கணக்கில் இருப்பதற்கு மேல் அபராதம் பிடிக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமில்லை என்று அங்கேயே உட்கார்ந்து விளக்கினார். கடிதம் எழுதவைத்தார். அந்த வங்கியின் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினோம்.

திங்கட்கிழமை வங்கிக்கு அம்மாவும் கூட வந்தார். கடிதம் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக நகலில் முத்திரை போட்டுத்தர மேனேஜர் மறுத்தார். கடன் என்ற சொல்லுக்கே நடுங்கிய என் அம்மா, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சீல் போடுங்க சார். ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டுதான் வந்திருக்கேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்." பத்தே நிமிஷத்தில் முத்திரை விழுந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் 3,540 ரூபாயும் கணக்குக்குத் திரும்பி வந்தது. "தவறு எங்களுடையது" என்று ஒரு வார்த்தை இல்லை. பரீட்சைக் கட்டணம் கட்டினேன். அம்மாவின் பொருத்தனைப் பணம் அந்த ஞாயிறே காணிக்கைப் பையில் விழுந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

நான் பணம் கேட்டேன். அவர் நியாயத்தைத் தந்தார். அதையும் என் பின்னாலேயே வைத்திருந்தார். நான்தான் வாயைத் திறக்கவில்லை. ஆகையால் பிரியமானவர்களே, ஜெபக் குறிப்பில் பூசி மெழுகாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அவர் கேட்கிறார், பக்கத்தில் இருப்பவரும் கேட்கட்டும்.

அதே மேசையில் கணக்குத் தொடங்கிய என் வகுப்புத் தோழிகள் ஒன்பது பேருக்கும் இதே அபராதம் விழுந்திருப்பது இப்போதுதான் தெரியவந்தது. வரும் திங்கட்கிழமை அவர்களோடு போகிறேன். என் கோபம் தணியும்படி யாரும் ஜெபிக்க வேண்டாம். அம்மா மறுபடியும் லீவு சொல்லிவிட்டார்.