மலையடியில் வாய் திறக்காத மனுசன்

போன வருடம் செப்டம்பரில் நடந்தது. இடம், புரோக்கன் ஹில்லுக்கும் அப்பால், செம்மண்ணும் புதரும் தவிர வேறொன்றும் இல்லாத பாலைநிலம். வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு நாள் ஓட்டம். மற்றவர்கள் லீவு கிடைத்தால் கடற்கரைக்குப் போவார்கள், நான் மொட்டை மலை தேடிப் போவேன். எனக்கு அமெச்சூர் ரேடியோப் பைத்தியம். பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தவள். சின்ன ரேடியோ, பற்றரி, கம்பி எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறி, உச்சியில் கம்பியைக் கட்டி, நாட்டின் மூலைமுடுக்கில் உள்ளவர்களோடு கதைப்பதுதான் விளையாட்டு. நான்கு பேராவது பதில் தந்தால்தான் அந்த மலை நம் கணக்கில் சேரும். இதற்கு யாராவது சம்பளம் தருகிறார்களா என்று கேட்காத அன்ரி எங்கள் பக்கத்தில் இல்லை.

என் கணவருக்கு ரேடியோவில் துளியும் ஆர்வம் கிடையாது. ஆனால் என்னைத் தனியே விடமாட்டார். சாரதியாக வந்து, மலையடியில் கதிரையைப் போட்டு, தேநீரோடு இருந்துவிடுவார். அங்கே கைபேசி வேலை செய்யாது. லைசென்ஸ் இல்லாதவர்களும் பேசக்கூடிய கைரேடியோச் சோடி ஒன்று எங்களிடம் உண்டு. அது வீட்டில் சார்ஜரிலேயே தங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் என் அமெச்சூர் செட்டுகளில் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன்.

"கேக்க மட்டும்தான். இந்தப் பொத்தானை அமத்திக் கதைச்சுப் போடாதேங்கோ, லைசென்ஸ் இல்லாமல் கதைக்கிறது சட்டப்படி பிழை" என்றேன். நான் மேலிருந்து கூப்பிட்டால், அவர் காரின் முன்விளக்கை மின்னவைத்துப் பதில் காட்டுவது என்று ஏற்பாடு.

ஏற்றம் நன்றாகத்தான் போனது. உச்சியிலிருந்து கூப்பிட்டேன். கீழே புள்ளியாய்த் தெரிந்த வெள்ளைக் காரில் விளக்கு இரண்டு தரம் மின்னியது. கம்பியைக் கட்டிப் பெரிய ரேடியோவைப் போட்டதும், மெல்பேர்ண், அடிலெய்ட், டாஸ்மேனியா என்று ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூப்பிட்டார்கள். நான்கு பேர் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. எனக்கு வாய் ஓயவில்லை.

இறங்கப் போகிறேன் என்று சொல்லக் கைரேடியோவில் அவரைக் கூப்பிட்டேன். விளக்கு மின்னவில்லை. நித்திரையாகியிருப்பார் என்று நினைத்து இன்னொரு தரம் கூப்பிட்டேன். அதற்கும் இல்லை. கமராவில் பெருப்பித்துப் பார்த்தேன். கார் நின்றது, கதிரை வெறுமையாகக் கிடந்தது. அவர் சலரோகக்காரர், சாப்பாடு நேரம் தப்பினாலே சீனி இறங்கித் தலை சுற்றும். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, எங்க நிக்கிறியள்? பரவாயில்லை, பொத்தானை அமத்திக் கதையுங்கோ."

பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடைசியில், "ஆபத்தெண்டால் ஆரும் கதைக்கலாம். அதுவும் சட்டத்திலதான் இருக்கு" என்றேன்.

உடனே ரேடியோ கரகரத்தது. அவரின் குரல்தான்.

"உண்மையாவோ? உம்மட லைசென்ஸைப் பறிக்கமாட்டாங்களே?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொன்னார். கைரேடியோவையும் எடுத்துக்கொண்டு, ஏதோ பூவைப் படம் எடுக்க வறண்ட ஓடைக்குள் இறங்கி, கல் சறுக்கி விழுந்திருக்கிறார். கால் வீங்கிவிட்டது, ஊன்ற முடியவில்லை. தண்ணீரும் சாப்பாடும் காரில் கிடக்கின்றன.

ஓடி இறங்கத்தான் கால் துடித்தது. ஆனால் இறங்கினால் வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பும் அறுந்துவிடும். அந்த ஆளைத் தனியே தூக்கிக் காரில் ஏற்ற என்னால் முடியாது. பெரிய ரேடியோவில் அவசர உதவி வேண்டும் என்று அறிவித்தேன். அவ்வளவு நேரமும் முண்டியடித்தவர்கள் ஒரே நொடியில் அடங்கிப்போனார்கள். மெல்பேர்ணிலிருந்து ஒரு பெண் மட்டும் பேசினார். நான் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, தன் வீட்டுத் தொலைபேசியில் அவசர சேவையை எடுத்தார். அம்புலன்ஸ் வர நேரம் எடுக்கும், பக்கத்துச் செம்மறிப் பண்ணைக்காரர் முதலில் புறப்படுகிறார் என்று வந்து சொன்னார். பண்ணைக்காரருக்கு வழி காட்ட என்னைக் காத்திருக்கவும் சொன்னார்.

அந்தக் காத்திருப்பைப் போல் ஒன்றை நான் அனுபவித்ததில்லை. ஒரு கையில் மெல்பேர்ண், மறு கையில் மனுசன். குரல் தளர்கிறதா என்று கேட்பதற்காகவே அவரோடு எதையாவது கதைத்துக்கொண்டிருந்தேன். "நீர் பதறாமல் நில்லும், நான் நிழலுக்கு நகர்ந்திட்டன்" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். தூரத்தில் புழுதி கிளம்புவதைக் கண்டதும், ஓடைக்கு எந்தப் பக்கத்தால் வரவேண்டும் என்று மெல்பேர்ணுக்குச் சொன்னேன். அந்தப் பெண் அதைப் பண்ணைக்காரரின் சற்றலைட் போனுக்குச் சொல்லச் சொல்ல, பண்ணை வாகனம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகுதான் இறங்கினேன். ரேடியோவைத் தவிர மிச்சத்தை எல்லாம் மலைக்கே விட்டுவிட்டேன்.

புரோக்கன் ஹில் ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்ட பிறகு, வாய்க்கு வந்தபடி ஏசினேன். வாழ்க்கை முழுக்க என் சொல்லைக் கேட்காத மனுசன், கேட்கக் கூடாத ஒரு நாள் பார்த்துக் கேட்டிருக்கிறாரே. விழுந்ததும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நிரந்தர விசா இல்லாத காலத்தில, ஒரு சின்னப் பிழை விட்டாலும் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டுதானே இருந்தனாங்கள். நீர் ஆசைப்பட்டு எடுத்த ஒண்டு என்னால போகக் கூடாது எண்டு பொறுத்துப் பாத்தனான்" என்றார்.

அகதியாக வள்ளத்தில் வந்து, தற்காலிக விசாவில் பல வருடம் கழித்தவர் அவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகரைக் கண்டால், கையில் டிக்கெட் இருந்தும் எழுந்து நிற்பார். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். குடியுரிமை கிடைத்த அன்றே அந்தப் பயமும் எங்களை விட்டுப் போய்விட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னை விட்டுப் போனது உண்மைதான், ஆனால் என் பக்கத்திலேயே படுத்தெழும்பும் மனிதர் இன்னும் உயிருக்கு அஞ்சுவதைவிடச் சட்டத்துக்கு அஞ்சி வாழ்கிறார் என்பது, அவர் உயிர் போகப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.