ஆட்டுத்தோலும் கடப்பாரையும்

வாணியம்பாடியில் என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். அங்கே தோல் வந்தால் முதல் வேலையே முடியைக் கழிப்பதுதான். கொல்கத்தாவில் எனக்குக் கிடைத்த வேலை அதற்கு நேர்மாறு. ஆட்டுத்தோலை முடி உதிராமல் பதப்படுத்தி, தரைவிரிப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிவு. நியூ டவுனில் இரண்டு ஐ.டி. பெண்களோடு ஒரே வீட்டில் இருந்தேன். சாயங்காலம் குளித்த பிறகுதான் என் கட்டிலில்கூட உட்காருவேன்.

பக்ரீத் முடிந்த மறுநாள் லாரி நிறையத் தோல் வந்து இறங்கியது. விரிப்புக்கானது என்பதால் காலும் சேர்ந்தே வரும். எலும்பைச் சுற்றிக் கீறி, விரலை உள்ளே விட்டு, காலுறையைக் கழற்றுவதுபோல் தோலை உருவ வேண்டும். அப்புறம் உள்பக்கத்துச் சவ்வையும் கொழுப்பையும் வழித்து, உப்பைத் தேய்த்து அடுக்க வேண்டும். தாமதித்தால் தோல் அழுகிவிடும். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். யாரும் வாங்க மாட்டார்கள்.

பண்டிகை என்று மற்றவர்கள் லீவு. என்னோடு இருந்தது சாச்சி ஒருவர்தான். சித்தி முறை வைத்து எல்லோரும் அவரை அப்படிக் கூப்பிடுவோம்; அங்கே எல்லோருக்கும் நான் திதி, அதாவது அக்கா. முதலாளி ஃபோன் செய்து அழைத்ததால், வீட்டு விருந்தை விட்டுவிட்டு வந்திருந்தார். காலையிலிருந்து மழை கொட்டியது. கழிப்பறை வெளியே முற்றத்தில் இருந்தது. மதியம் அங்கே போகலாம் என்று ஷட்டரைத் தூக்கினேன். அசையவில்லை. வெளியே பூட்டியிருந்தது.

முதலாளிக்கு ஃபோன் போட்டேன்.

"பண்டிகை நேரத்துல தோல் திருட்டுப் போகும் மேடம். நான்தான் பூட்டச் சொன்னேன். வாட்ச்மேன் வீட்டுல தண்ணி புகுந்துடுச்சாம், போயிருக்கான். வந்ததும் திறப்பான்."

"உள்ளே ஆள் இருக்கோம் சார்!"

"நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதானே நான் வீட்டுல இருக்கேன். அதுக்குள்ள உப்பு போட்டு முடிச்சிடுங்க."

என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி தோலை வழிக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. காற்றை வெளியே தள்ளும் ஃபேன் நின்றதும், பச்சைத்தோலின் காரநெடி கண்ணைக் கரித்தது. சாச்சிக்கு ஆஸ்துமா. இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"திதி, நாம செத்தா நமக்கும் உப்பு போட்டு அடுக்கிடுவானா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவேயில்லை.

ஜன்னல் வழியாகக் கத்தினேன். பெங்காலி, ஹிந்தி எல்லாம் மறந்துபோய்த் தமிழில்தான் கத்தினேன். பக்கத்து ஷாப்பு ஆட்கள் இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார்கள். பூட்டை உடைக்கச் சொன்னதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவர் பூட்டை நாங்க உடைச்சா எங்க வேலை போயிடும் திதி."

ஆனால் ஒருவர் போய்க் கடப்பாரை ஒன்றைக் கொண்டுவந்து கம்பிக்குள் நீட்டினார். "நீங்களே உடைச்சுக்குங்க."

சுவர் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. கம்பிச் சட்டத்தின் ஓரத்தில் குத்திக் குத்தி நெம்பினேன். உப்புத் தண்ணீர் உள்ளங்கைக் கொப்புளங்களில் எரிந்தது. ஒருவழியாகச் சட்டம் பெயர்ந்து விழுந்தது. சாச்சியை இடுப்பைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டேன். அந்த இருவரும் அவரை வேன் ரிக்ஷா என்கிற பலகை வைத்த சைக்கிள் வண்டியில் உட்காரவைத்து டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

நானும் வெளியே இறங்கி நின்றேன். மழை முகத்தில் அடித்தது. அப்படியே போயிருக்கலாம். உள்ளே பாதித் தோல் உப்பு காணாமல் கிடந்தது. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் ஜன்னல் வழியாகத் திரும்ப ஏறிக் குதித்தேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். அடுக்கிலிருந்து ஒரு தோலை எடுத்து முடியை இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது. உடைந்த ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இனிமே சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தார். மரியாதை செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அன்றிலிருந்து நான் லீவு போட்டால் எங்கள் பிரிவு திறக்காது. போன பொங்கலுக்கும் ஊருக்குப் போகவில்லை.

சாச்சி பிழைத்துக்கொண்டார். வேலைக்குத் திரும்ப வரவில்லை. இப்போது வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். "ஒரு நாள் சாப்பிட வா" என்று ஃபோன் செய்யும்போதெல்லாம் கூப்பிடுகிறார். அடுத்த வாரம் வருகிறேன் என்கிறேன்.