ஏலகிரிக்குக் கிளம்பிச் செம்பரம்பாக்கம் வரை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பயணக் கட்டுரை எழுதுகிற அளவுக்கு நான் எங்கும் போய்விடவில்லை. அம்பத்தூர் மேனாம்பேட்டிலிருந்து ஏலகிரி மலைக்குப் பழைய வண்டியில் இரண்டு நாள் பயணம் என்று இதே பக்கத்தில் பெருமையாக அறிவித்திருந்தேன். போய்ச் சேர்ந்தது செம்பரம்பாக்கம் ஏரி வரை. அது எங்கள் வீட்டிலிருந்து மாநகரப் பேருந்தில் போய் வரக்கூடிய தூரம்.

இருந்தும் எழுதுவதற்குக் காரணம், அந்தச் சனிக்கிழமை காலையில் பழைய வண்டிக்காரர்களின் முகநூல் குழுவில் நான் போட்ட பதிவு. எனக்கு வண்டி விற்ற கோவில்பதாகை சேவியர், துருப்பிடித்த டேங்கை மறைத்து விற்று ஏமாற்றிவிட்டார் என்று எழுதினேன். உங்களில் பலர் அதைப் படித்தீர்கள், பகிர்ந்தீர்கள், அவரைத் திட்டியும் எழுதினீர்கள். அவர் என்னை ஏமாற்றவில்லை. அந்தப் பதிவில் அவர் பெயரைப் போட்டேன் என்பதால் இங்கும் போடுகிறேன். எந்தப் பெயரில் அழுக்கை அப்பினேனோ அந்தப் பெயரைச் சொல்லித்தானே துடைக்க முடியும். நடந்ததைப் போன வழியிலேயே சொல்கிறேன். பழைய வண்டியை வீட்டில் பிரித்து மாட்டி நெடுந்தூரம் போக நினைப்பவர்களுக்கு நடுவில் உபயோகமான விஷயமும் கிடைக்கும்.

வண்டி என்னைவிட ஒரு வயது மூத்தது. முந்நூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர், அகலமான சீட், பின்னால் பெட்டி மாட்டக் கம்பி. சேவியர் அங்கிள் அதில் மனைவியோடு வருடம் தவறாமல் வேளாங்கண்ணி போய் வந்தவர். முழங்கால் தேய்ந்துபோய்க் கிக்கரை உதைக்க முடியாமல் ஆனதால், வைத்திருந்த இரண்டு பழைய வண்டிகளையும் விற்க முடிவு செய்தார். அவருடைய அண்ணன் மகள் ரெஜினா என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறாள். சென்னைக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே தோழி. "நம்ம பொண்ணுதான் சித்தப்பா, நம்பிக் குடு" என்று அவள்தான் சொன்னாள். வெளியில் சொன்ன விலையைவிடக் குறைத்துக் கொடுத்தார்.

மூன்று வார இறுதிகள் எங்கள் ஃபிளாட்டின் பார்க்கிங்கில் வேலை நடந்தது. எஞ்சின் ஆயில் மாற்றினேன். செயினும் பற்சக்கரமும் புதிது. பின் பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள் புதிது. யாராவது ஆண்கள் கடந்து போனால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு போனைப் பார்ப்பதுபோல நிற்பேன். அவர்கள் லிஃப்டில் ஏறியதும் மறுபடி உட்காருவேன். கார்புரேட்டரை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோய், தாம்பாளத்தில் வைத்து, பெட்ரோல் வரும் நுண்துளை ஜெட்டுகளை ஒவ்வொன்றாக ஊதிச் சுத்தம் செய்தேன். சின்னத் திருகுகள் உருண்டு ஓடாமல் இருக்கத் தாம்பாளத்தின் விளிம்பு வசதி. டேங்க் மூடி பழைய மாதிரி, பூட்டு கிடையாது, திருகித் திறப்பது. அதன் நடுவில் ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. உள்ளே பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று அந்த வழியாகத்தான் போக வேண்டும். தையல் ஊசியால் குத்தி அதையும் சுத்தம் செய்தேன். அவ்வளவு கவனம்.

வேலை முடிந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. பார்க்கிங்கில் எல்லா வண்டிகளும் குளித்து மாலை போட்டு நின்றன. என் வண்டியும் நின்றது. அதுவரை அந்த வண்டியை நிமிர்ந்து பார்க்காத பக்கத்து ஃபிளாட்காரர் கூட, "நீங்களே பிரிச்சு மாட்டினதா?" என்று கேட்டார். சந்தோஷத்தில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தேன், மலை ஏறும் வரை உதிரக்கூடாது என்று. முகப்பு விளக்கு, கண்ணாடிகள், நம்பர் பிளேட், கடைசியாக டேங்க் மூடி. மூடி வட்டமாக இருந்ததால் சரியாக நடுவில் பெரிய பொட்டாக வைத்து, மேலே குங்குமம் வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மேனாம்பேட்டிலிருந்து கிளம்பினேன். ஆறு மணிக்குக் கோவில்பதாகை. என்னோடு வருவதற்காகத் தெருமுனையில் நின்றிருந்த ரெஜினா வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி, வண்டிக்குக் கல்யாணமா? பொட்டும் பூவுமா கீது!"

"ஏறுடி. நேரமாச்சு."

ஆவடியில் டேங்கை நிரப்பினோம், ஆயிரத்து நூறு ரூபாய். ரெஜினா பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் என் தோளில் வைத்துக்கொண்டாள். பூந்தமல்லி சாலை அந்த நேரத்தில் காலி. ஏழரைக்கு மேல் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும், ஆகவே இந்த வழியில் வருகிறவர்கள் அதற்கு முன் பூந்தமல்லியைத் தாண்டிவிடுவது நல்லது. நாங்கள் தாண்டவில்லை. கரையான்சாவடி சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. ஆவடியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

ஓரமாகத் தள்ளினோம். ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்தார். "இன்னா சிஸ்டர், பெட்ரோல் கீதா?"

"ஃபுல் டேங்க்ணா," என்றாள் ரெஜினா.

"அப்ப பிளக்க கயட்டிப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்ட அரை மணி நேரம் ஆனது. இரண்டாவது உதையில் கிளம்பியது. பிளக்தான் என்று முடிவு செய்தேன். உண்மையில் அந்த அரை மணி நேரத்தில் காற்று மெதுவாகக் கசிந்து டேங்குக்குள் போயிருக்கிறது. அது இப்போது தெரிகிறது.

அடுத்த ஐந்தாவது கிலோமீட்டரில், நசரத்பேட்டையில், மறுபடி நின்றது. பெங்களூர் நெடுஞ்சாலை. லாரி போகும் ஒவ்வொரு முறையும் வண்டி ஸ்டாண்டோடு ஆடியது. ரெஜினா டீ வாங்கி வருகிறேன் என்று எதிர்ப்பக்கம் போனாள். நான் கார்புரேட்டரின் அடித்திருகைத் திறந்தேன். சொட்டுப் பெட்ரோல் இல்லை. டேங்க் நிறைய இருக்கிறது, கீழே வரவில்லை. டேங்கின் அடியில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றினேன். பழுப்பு நிறத்தில் சில துகள்கள் ஒட்டியிருந்தன. துரு. இந்த வயது வண்டியில் அவ்வளவு துரு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணுங்களுக்கு இன்னாத்துக்கு மாமே இந்த வண்டி?"

"உடு மாமே, எவனோ நல்லா தலைல கட்டிக்கீறான்."

சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

எனக்குப் பேச வராது. எழுத வரும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஊரில் எங்கள் தெருக்காரர்களின் ரேஷன் கார்டு மனு, பட்டா மனு, வாய்க்கால் அடைப்புப் புகார் எல்லாம் பத்தாம் வகுப்பிலிருந்தே என் கையால்தான் போகும். பெயர், ஊர், நடந்த சேதி மூன்றையும் தெளிவாகப் போடாவிட்டால் மனு நிற்காது என்று பழகிய கை. அந்த மூன்று பேருக்குப் பதில் சொல்ல முடியாத நான், நடைபாதையில் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், சேவியர் அங்கிளைப் பற்றி ஒரு புகார் மனு எழுதினேன். டேங்குக்குப் புதுப் பெயிண்ட் அடித்துத் துருவை மறைத்தார் என்றும், தெரிந்தே இரண்டு பெண்களை நெடுஞ்சாலைக்கு அனுப்பினார் என்றும் எழுதினேன். ஆதாரத்துக்காக ஃபில்டரைப் படம் எடுத்தேன். டேங்கின் உள்ளே எடுக்கலாம் என்று மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். காதில் விழுந்தது. அது என்ன என்று யோசிக்க மனம் அங்கே இல்லை. உள்ளே துரு எதுவும் தெரியவில்லை, ஆகவே அந்தப் படத்தைப் போடாமல் ஃபில்டர் படத்தை மட்டும் போட்டேன். இந்த இடத்தை எழுதும்போதுதான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

ரெஜினா இரண்டு காகிதக் கோப்பைகளோடு சாலையைக் கடந்து வந்தாள். ஃபில்டரைத் துடைத்து மாட்டியதும் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. பதிவைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் மூன்றாவது முறையாக நின்றது. ரெஜினா இறங்கி இடுப்பில் கை வைத்தாள்.

"அங்க எப்டிடி ஸ்டார்ட் ஆச்சி? இன்னா பண்ணியோ அத்தயே திரும்பப் பண்ணு."

"ஃபில்டரைத் துடைச்சேன். அப்புறம் மூடியைத் திறந்து பார்த்தேன்."

"மூடிய தொற."

திறந்தேன். 'உஸ்ஸ்' என்று நீளமாகக் கேட்டது. ரெஜினா குனிந்து காதை வைத்தாள். "ஏய், இது மூச்சு வுடுதுடி!" மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்து கல்லாகியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். அடியில் நான் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்த அதே துளை.

"அடிப்பாவி. நெத்தில வெப்பாங்கன்னு பாத்தா, மூக்குல வெச்சிக்கீறியேடி!"

இரண்டு பேரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பயணத்தில் நன்றாக இருந்த நேரம் அவ்வளவுதான். ரெஜினாவின் போன் அடித்தது. லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள். சேவியர் அங்கிள்.

"ரெஜி, எங்கம்மா கீறீங்கோ?"

"செம்பரம்பாக்கம் சித்தப்பா. இன்னா?"

"வண்டி நின்னுடுச்சாமே. அந்தப் பொண்ணு என்னமோ எழுதிக்கீதாம். என்னாண்ட வேல பாத்தவன் இப்ப போன் போட்டுப் படிச்சிக் காட்னான். நான் துரு டேங்குக்கு பெயிண்ட் அட்ச்சி ஏமாத்திட்டேன்னு. என் பேரு, ஊரு, எல்லாம் போட்டுக்கீதாம். நீ அந்தப் பொண்ணாண்ட சண்ட போடாத. வண்டிய ஊட்டாண்ட கொண்டாந்து உடச் சொல்லு, துட்ட திருப்பிக் குட்த்துடறேன். ரெண்டு பொண்ணுங்க ரோட்ல நின்னுகினு கீறீங்கோ. நான் ஆட்டோ புட்ச்சி வரட்டா?"

"வேணாம் சித்தப்பா. வண்டி நல்லாதான் கீது," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்ப எழுதுன?"

"நசரத்பேட்டையில. நீ டீ வாங்கப் போனப்ப."

"உனக்குதான்டி டீ வாங்கினு வந்தேன்."

அங்கேயே பதிவை அழித்தேன். ஏலகிரிக்குப் போகலாமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. திரும்பி வரும்போது வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. ரெஜினா என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேகத்தடைகளில் மட்டும் அவள் முழங்கால் என் மேல் பட்டு விலகியது. கோவில்பதாகையில் இறங்கியதும், "சித்தப்பா மறந்துடுவாரு. அவரு அப்டி. ஆனா குடுன்னு சொன்னது நானுடி," என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குள் போனாள்.

மறுநாள் சேவியர் அங்கிள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். வாசலில் நின்று மூன்று முறை வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு அழைப்பு மணியை அடித்தேன். "வாம்மா, வண்டி ஓடுதா?" என்றார். சந்தனம் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கூட்டுல இருந்த வரைக்கும் அதுக்குப் பொட்டே கெடையாதுமா. அதான் எனக்கு இந்தக் கோளாறு தெரியல."

நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்போதுதான் அவர் கம்பிக்கதவுக்குள் நின்ற இரண்டாவது வண்டியைக் காட்டினார். நசரத்பேட்டையிலிருந்து ஒருவர் பார்த்துப் பிடித்துப்போய், அன்று காலை முன்பணத்தோடு வருவதாக இருந்தாராம். குழுவில் என் பதிவைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"நான் அழிச்சிட்டேன் அங்கிள்."

"அழிச்சிட்டியா? செரி. அது அவருக்கு எப்டிமா தெரியும்?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். டீ குடித்துவிட்டு வந்தேன். அலுவலகத்தில் ரெஜினா இப்போது வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள்.

இனி உபயோகமான விஷயம். டேங்க் நிறைய இருந்தும் வண்டி நின்றால், எதையும் கழற்றும் முன் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். பூஜைப் பொட்டை விளக்கின் மேல் வையுங்கள், பூட்டின் மேலும் மூடியின் மேலும் வேண்டாம். ஃபில்டரில் நாலு துகளைப் பார்த்ததும் டேங்கே போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் பிரித்து மாட்டிய வண்டியை நேராக மலைக்கு எடுத்துப் போகாமல், முதலில் ஆவடி, பூந்தமல்லி என்று வீட்டைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டிப் பாருங்கள். அப்படிச் செய்திருந்தால் பொட்டின் கதை பார்க்கிங்கிலேயே முடிந்திருக்கும். ரோட்டோரம் நிற்கும்போது யாரைப் பற்றியும் எழுதாதீர்கள். என் பதிவைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் இந்தக் கட்டுரையையும் அங்கே அனுப்புங்கள்.

கேட்கக் கூச்சப்பட்டு இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டது ஒன்று இருக்கிறது. அது நசரத்பேட்டைக்காரரே, உங்களிடம். உங்கள் பெயரை அங்கிள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை அந்தக் குழுவிலும் போடுகிறேன்; நீங்கள் அதில் இருப்பதால் இதுவும் உங்கள் கண்ணில் படும் என்று நம்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பதாகைக்கு இன்னொரு முறை வாருங்கள். வாங்கச் சொல்லவில்லை. டேங்கைத் திறந்து உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அவரால் கிக்கரை உதைக்க முடியாது. நான் வாசலில் இருப்பேன். நான் உதைத்துத் தருகிறேன்.