என் எலும்பு வழியாகக் கிரகணம்

எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு காலைப் பொழுதில் என் இடுப்பைத் துண்டு துண்டாகக் கையில் பிடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறந்தபோது என் இடது தொடையெலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் உட்காராமல் நழுவிக் கிடந்ததாம். மாதக்கணக்கில் மாவுக்கட்டு. அதெல்லாம் எனக்கு நினைவில்லை. நினைவிலிருப்பது, அதன் பிறகு வருஷம் தவறாமல் வந்த ஆஸ்பத்திரி நாள். வலி கிடையாது, நொண்டல் கிடையாது, ஆனாலும் போக வேண்டும். படம் எடுக்க வேண்டும். டாக்டரும் அவருடைய மாணவர்களும் பார்க்க, ஜட்டியோடு கதவுக்கும் சுவருக்கும் நடந்து காட்ட வேண்டும். வளர்ந்து முடிகிறவரை வரணும் என்றார் டாக்டர். சீக்கிரம் வளர்ந்து தொலைப்போம் என்று ஜன்னல் கம்பியில் தொங்கிப் பார்த்தேன். அதற்கும் திட்டு.

எக்ஸ்ரே படங்கள் பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில், பழுப்பு உறையில் இருந்தன. கிரகணத்தன்று அம்மா ஊறுகாய் ஜாடியிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பை போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒர்க்ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து எங்களோடு தங்கியிருந்த மாமா மேலாக இருந்த போன வருஷத்துப் படத்தை உருவினார். கத்தரிக்கோலால் சதுரம் சதுரமாக வெட்டினார். கறுத்த துண்டுகள் தெருப் பிள்ளைகளுக்கு. எலும்பு வெளுத்துத் தெரிந்த துண்டு எனக்கு.

"உன் எலும்புடி, நீதான் வச்சுக்கணும்" என்றார், தர்மப்பிரபு.

எலும்பு வழியாகக் கிரகணம் தெரியாது. கண் கூசி நீர் கொட்டியது, அவ்வளவுதான். கறுப்புத் துண்டுக்காரர்களெல்லாம் கடித்த முறுக்கு மாதிரி இருக்கிறது என்று கூவினார்கள். அப்படிப் பார்ப்பதே கண்ணுக்குக் கேடு என்று இன்று தெரியும். அன்று எங்கள் தெருவுக்கு மாமாதான் விஞ்ஞானி. என் துண்டை ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரி நாளுக்கு முதல் நாள் அம்மா உறையைத் திறந்தாள். அப்பா கத்திய கத்தலில் மாமா வீடு வீடாக ஓடினார். பக்கத்து வீட்டுப் பையன், "நக்கோ மாமா, தரமாட்டேன், குடுத்தது குடுத்ததுதான்" என்று கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டுதான் துண்டைத் தந்தான். என்னிடம் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். பழைய படம் இல்லாவிட்டால் என் காலில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்பது என் கணக்கு.

டேப் ஒட்டிய படத்தை டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். இடது மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. புதுப் படத்தை மட்டும் வைத்துக் கிண்ணம் ஆழமாகிறதா, போன வருஷத்தோடு நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாது, நின்றிருந்தால் அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

என் காதில் விழுந்தது மூன்று மாதம் மட்டும்தான்.

"வருஷத்துக்கு ஒருதரம்னுதானே சொன்னீங்க?" என்று அம்மாவிடம் சீறினேன். நேரே பள்ளிக்கூடம் போவதற்காகப் பையோடு வந்திருந்தேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து துண்டை மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் அதை ஓட்டையில் பொருத்தினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். புதுப் படத்திலும் போட்டார். வெகுநேரம் பார்த்தார். கிண்ணம் வளர்ந்திருக்கிறது, அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றார்.

ஏன் ஒளித்தாய் என்று அம்மா கேட்கவேயில்லை. மூன்று மாதத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கு ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. பஸ்ஸில் என் இடது காலை, ஷூவோடு, தூக்கித் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். கண்டக்டர் பார்த்தார். முன் சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வலிக்காத காலை எதற்கு இப்படி இறுக்கிப் பிடிக்கிறாள் என்று, இறங்கும்வரை எனக்கு விளங்கவில்லை.