ஜீப் கார்புரேட்டரும் இரண்டு ஊதுபத்தியும்

எழுபதுகளின் கடைசியில் அத்தான், அதாவது என் அக்காள் கணவர், சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த காருக்குப் பிஸ்டன் கிடையாது. அதற்குப் பதிலாக முக்கோணமாக ஒன்று எஞ்சினுக்குள் சுற்றியது. விளாங்குடிக்கு வந்த பதினோராம் நாள் கார்புரேட்டர் கெட்டது. அதே மாதிரி வேறொன்று மெட்ராஸிலும் கிடைக்கவில்லை. ஏழு மாதம் கார் நெற்களத்தை அடைத்துக்கொண்டு நின்றது; நெல்லை ரோட்டில் காயப்போட்டார்கள். களம் அத்தானின் அப்பாவுடையது. ஆவணி இரண்டாம் வெள்ளி மாலைக்குள் வண்டி ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொன்ன அவர், வியாபாரியையும் வரச் சொல்லிவிட்டார். ஒன்பது வருட உழைப்பில் அத்தான் கொண்டுவந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

சிம்மக்கல் மெக்கானிக் ஒருவர் எஞ்சினைப் பார்த்துவிட்டு, "பிஸ்டனே இல்லாம எம்புட்டுத் தூரம்ணே வந்துச்சு?" என்று கேட்டார். பிறகு பழைய ஜீப் கார்புரேட்டர் ஒன்றை எடுத்துவந்தார். அதன் வாய் எஞ்சினின் துளைகளோடு பொருந்தவில்லை. இரண்டையும் இணைக்கும் குழாயை, அலுமினியப் பாத்திரம் வார்ப்பவர் ஒருவரிடம் மர அச்சு கொடுத்து வார்த்து வாங்கினோம். வியாழன் மாலை பொருத்தி முடித்தோம்.

வெள்ளி பத்தரைக்கு ராகுகாலம் என்பதால் பன்னிரண்டு ஐந்துக்கு ஸ்டார்ட் செய்தோம். ஓடியது, ஆனால் ஏறி இறங்கி இருமியது. எங்கோ காற்று இழுக்கிறது என்றார் மெக்கானிக். அக்காளிடம் இரண்டு ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தி, குழாய் எஞ்சினோடு சேரும் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் காட்டினார். காற்று போகும் இடத்தில் புகையும் போகும்.

அப்போது அத்தானின் அப்பா களத்துக்கு வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றினார். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சூடம் எடுத்தாரச் சொல்லவா?"

"வேணாம்ங்கய்யா, இதுக்குப் பத்தியே போதும்," என்றார் மெக்கானிக், பெட்ரோல் குழாயைப் பார்த்தபடி.

இரண்டாவது போல்ட்டின் அருகே புகை சட்டென்று உள்ளே போனது. மெக்கானிக், "இந்தா இருக்கு," என்றார். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

இடையில் இருந்த கேஸ்கட் அட்டையை மாற்றிய பிறகு கார் களத்து வேப்பமரம் வரை போய் நின்றுவிட்டது. ஐந்தேகாலுக்கு இரும்பு வியாபாரி வந்தார். பெரியவர்தான் பேசினார்.

"பூசை போட்ட வண்டியப்பா. இதப் போயி ஒடைக்கச் சொல்றியே."

வியாபாரி அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. மோர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த அறுவடைக்கும் நெல் திண்டுக்கல் ரோட்டில்தான் காய்ந்தது.